திரையை மூடிய துண்டு

நீலக் கரை போட்ட சின்னக் கைத்துண்டு அது. கையெழுத்து நிபுணர் அம்மாவை நினைத்தால், அவர் முகத்துக்கும் முன்னால் அதுதான் வருகிறது. சேலத்தில் அவர் அறைக்குள் குற்றவாளியைப் போலத்தான் நுழைந்தேன். நான் பாடம் நடத்தும் பள்ளியின் தலைமையாசிரியையைக் கேவலப்படுத்தி நிர்வாகத்துக்கு ஒரு மொட்டைக் கடிதம் போயிருந்தது. எழுத்து அச்சு அசல் என்னுடையது மாதிரியே இருந்ததால் நிர்வாகம் என்னை அவரிடம் அனுப்பியது. வேலை போனால் போகட்டும், நாமகிரிப்பேட்டைக் கடைவீதியில் இனி எப்படித் தலைநிமிர்ந்து நடப்பேன் என்றுதான் எனக்கு அழுகை. மாதிரி எழுதித்தரச் சொன்னபோது பேனா விரலில் நிற்காமல் வழுக்கியது. அவர் துண்டை நீட்டினார்.

“கை வேர்த்துக் கெடக்குது பாரு சாமி. தொடச்சுக்க. பயந்த கை எழுதுனத நான் ஒப்பிட மாட்டேன்.”

எழுத்தின் சாய்வு, சுழிப்பு, இடைவெளி எல்லாவற்றையும் அளந்துவிட்டு, இரண்டுக்கும் ஒற்றுமை மிக அதிகம் என்றது அவருடைய கணினி. எனக்கு உயிரே போய்விட்டது. அவர் அசரவில்லை. எழுதப் பழக்கியது யார் என்று கேட்டார். கன்னியர் மடத்துப் பள்ளி சிஸ்டர் ஒருவர், ‘ழ’வின் வால் அவர் சொன்னபடி திரும்பாவிட்டால் பக்கம் முழுக்கத் திரும்ப எழுத வைப்பார் என்றேன். சிரித்துவிட்டார். கணினி பொய் சொல்லவில்லை, ஊரார் எழுத்துக்கு நடுவே வைத்தால் அந்தக் கடிதத்தோடு ஒத்துப்போவது நான் மட்டும்தான் என்று தெரியும், என்னை ஒப்பிட வேண்டியது அந்த சிஸ்டரிடம் படித்தவர்களோடு என்றார். அவரிடம் என்னோடு படித்த எங்கள் வகுப்புக்காரிகள் பலர் இப்போது நான் பாடம் நடத்தும் பள்ளியிலேயே ஆசிரியைகள். நிர்வாகத்திடம் பேசி எல்லோரிடமும் எழுதி வாங்கினார். தாள்களில் பெயர் கிடையாது, எண்தான்.

மறுபடி போனபோது திரையில் எல்லோரும் புள்ளிகளாக நெருக்கியடித்துக்கொண்டிருந்தோம். கடிதம் சிவப்புப் புள்ளி. என் புள்ளியைக் காட்டினார். அதைவிடச் சிவப்பை ஒட்டி இன்னொன்று இருந்தது. அதன் எண்ணைப் படிக்க நான் குனிந்ததும், துண்டை எடுத்துத் திரையின் மேல் போட்டுவிட்டார். யாரென்று கெஞ்சினேன், கோபித்தும் பார்த்தேன்.

“கிட்ட இருக்கறத வெச்சு நீதான் எழுதுனதுன்னு சொல்லக் கூடாதுன்னுதானே உன்னைய உட்டேன்? அதே நாயம் அவளுக்கும் வேணுமில்ல சாமி.”

தன் கண்ணாலும் எழுத்து எழுத்தாகப் பார்த்துவிட்டு, எழுதியவர் இன்னார் என்று சொல்ல இயலாது என்று அறிக்கை கொடுத்தார். நிர்வாகம் அதோடு விட்டுவிட்டது. நான் எழுதவில்லை என்று ஒரு வரி சேர்க்கக் கூடாதா என்று அப்போது எனக்கு ஆற்றாமை. தெரியாததை எனக்காகக்கூட அவர் எழுதவில்லை. அதற்காகத்தான் இன்று அவரைக் கையெடுத்துக் கும்பிடத் தோன்றுகிறது.

இன்றும் மதியம் அந்த வகுப்புக்காரிகளும் நானும் ஒரே மேசையில்தான் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கிறோம். என் அம்மா இறந்த அன்று என்னைத் தாங்கிப் பிடித்தவர்கள் இவர்கள். எழுதியவள் இவர்களில் ஒருத்தியாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். அந்தத் துண்டு கொஞ்சம் விலகியிருந்தால் வெறுக்க எனக்கு ஒருத்தி கிடைத்திருப்பாள். இந்த மேசை மிஞ்சியிருக்காது.