பச்சைப் பலகையில் மூன்று பொட்டு

பழைய மடிக்கணினியிலிருந்து கழற்றிய ஹார்ட் டிஸ்க்கை ஒரு சின்னப் பெட்டிக்குள் பொருத்தி, "இனிமே எல்லா போட்டோவும் இதுலயே வெச்சிக்கலாம்மா" என்று மகள் நேற்று நீட்டினாள். வாங்கக் கை வரவில்லை. வேறு இடத்தில் பிரதி எடுத்தாயா என்று மூன்று முறை கேட்டேன். அவள் சலித்துக்கொண்டாள். எனக்கும் சலிப்புதான், இந்தப் பயத்தைச் சுமந்து சுமந்து.

அப்போது நான் ஏழாம் வகுப்பு. சித்தப்பா ஆலங்காயத்தில் ஸ்டூடியோ வைத்திருந்தார். மலைக் கிராமத்துக் கல்யாணங்களுக்கெல்லாம் அவர்தான் வீடியோ. கடைக் கம்ப்யூட்டர் பழுதானதும் அதன் டிஸ்க்கைக் கழற்றி, ஒரு பெட்டியில் வைத்து, புதுக் கம்ப்யூட்டரோடு ஒயரால் இணைத்துக்கொண்டார். சூடாகிறது என்று பெட்டிக்கு மூடி போடவில்லை. எட்டு மாதமே இருந்து காய்ச்சலில் போய்விட்ட, சித்தப்பா சித்தியின் முதல் மகனின் வீடியோ அதில் மட்டும்தான் இருந்தது. கேசட் எப்போதோ பூஞ்சை பிடித்துவிட்டது. இன்னொரு பிரதி எடுக்க வேண்டும் என்று சித்தப்பா சொல்லிக்கொண்டே இருந்தார்.

ஆயுத பூசையன்று பொட்டு வைக்கும் வேலை எனக்கு.

"எல்லாத்துக்கும் வெய்யிடி. ஒன்ன வுட்டா அது கோவிச்சிக்கினு வேல செய்யாது" என்றார் சித்தப்பா.

கேமரா, ஸ்டாண்டு, விளக்கு, கத்தரிக்கோல் எல்லாம் முடித்தேன். டிஸ்க்கின் மின்சுற்று உள்ள பச்சைப் பலகை மேலே பார்த்துக் கிடந்தது. பொடிப்பொடியாக வெள்ளிப் புள்ளிகள். அழகாக இருக்கிறதே என்று ஒன்றுக்கு மூன்றாகச் சந்தனம் வைத்தேன், நன்றாகத் தண்ணீர் விட்டுக் கரைத்த சந்தனம்.

கற்பூரம் காட்டி முடித்ததும் சித்தி, "தம்பி வீடியோவ ஒருவாட்டி போடுங்க. பாத்துட்டு வூட்டுக்குப் போறேன்" என்றார்.

சித்தப்பா சுவிட்சைப் போட்டார். பட்டென்று ஒரு சத்தம், பிறகு கருகல் வாடை. ஒயரைப் பிடுங்கி டிஸ்க்கைக் கையில் எடுத்தார். பொட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கட்டைவிரலால் மூன்றையும் மெதுவாகத் துடைத்தார்.

"காலைல கை தவறி கீழ போட்டுட்டேன். சொல்ல பயந்துகினு இருந்தேன்" என்றார் சித்தியிடம்.

"இன்னா மனுசன் நீங்க! ஊரான் வூட்டுக் கல்யாணத்தல்லாம் பத்திரமா வெச்சிக்கினு, எம்புள்ளய கீழ போட்டுட்டு வந்து நிக்கிறீங்களே!"

சித்தப்பா மறுவாரம் திருப்பத்தூருக்கும் வேலூருக்கும் அதைத் தூக்கிக்கொண்டு அலைந்தார். எங்கேயும் திறக்கவில்லை. சித்தி வெகுநாள் அவரோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

நானோ பொரியும் கடலையும் தின்றுகொண்டு, மாட்டாமல் தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்தேன். சித்திக்குப் பிள்ளை போனதும், சித்தப்பாவுக்குத் திட்டு விழுந்ததும் மட்டும்தான் எனக்குத் தெரிந்தன. போனது அவருடைய பிள்ளையும்தான் என்பது அன்றைக்கு எனக்கு உறைக்கவே இல்லை.