கஞ்சி போடும் நாளில் காந்தம்

எழுபதுகளின் தொடக்கம். சின்ன காஞ்சிபுரத்தில் என் அடுத்த தெரு நெசவாளர் ஒருவர், தன் பின்கட்டு அறையைக் கல்லூரி விரிவுரையாளர் ஒருவருக்கு வாடகைக்கு விட்டிருந்தார். திரவப் படிகங்களை ஆராய்ந்து பட்டம் வாங்க முயன்றுகொண்டிருந்தவர் அவர். கல்லூரி ஆய்வகத்தை மாலையில் பூட்டிவிடுவதால், கனத்த லாட காந்தம் ஒன்றை அறையில் வைத்து வேலை செய்தார். அந்த அறை போனால் ஆராய்ச்சியும் போய்விடும்.

ஆடி முதல் வெள்ளிக்கு முந்தின வியாழன் அன்று, தெருவில் நீட்டிக் கட்டிக் கஞ்சி தடவிய பட்டுப் பாவில், அதாவது தறியில் ஏற்றவேண்டிய நீளவாட்டு நூலில், இழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. கஞ்சியிலும் வெயிலிலும் நெசவாளருக்குக் குறை தெரியவில்லை. மிஞ்சியது காந்தம். அறையைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

விஞ்ஞானப் பத்திரிகை படிப்பவன் என்பதால் விரிவுரையாளர் என்னைத் துணைக்கு அழைத்தார். நெசவாளர் முன்னால் ஜரிகையையும் பட்டு இழையையும் காந்தத்தின் அருகே பிடித்துக் காட்டினார். இரண்டும் அசையவில்லை. அத்துடன் நிறுத்தியிருக்கலாம். ஆர்வத்தில், தான் ஆராயும் திரவப் படிகம், நீர்மோர் போல் கலங்கியது, அடைத்த மெல்லிய குழாயைக் காந்த முனைகளுக்கு நடுவே வைத்தார். கலங்கல் மெல்லத் தெளிந்து பின்னாலிருந்த காலண்டர் எழுத்து தெரிந்தது. குச்சி போன்ற மூலக்கூறுகள் கூட்டம் கூட்டமாக ஆளுக்கொரு திசை பார்த்துக் கிடக்கின்றன, காந்தம் அவற்றை ஒரே வரிசையில் திருப்புகிறது, எடுத்தால் மறுபடி கலங்கும் என்றார்.

"இத்த காந்தம் இழுக்குதா சார்?" என்றார் நெசவாளர்.

இழுக்காது, திருப்ப மட்டும் செய்யும் என்றார் விரிவுரையாளர்.

"அப்ப பட்ட இழுக்கலன்னு காட்னீங்களே, அது இன்னாத்துக்கு? இழுக்காமலே திருப்புதே."

பட்டு திடப்பொருள், அதன் மூலக்கூறுகள் திரும்ப முடியாது என்று நான் குறுக்கிட்டேன்.

"கஞ்சி ஈரமா இருக்கிறப்போ?"

 கஞ்சிக்கு இந்தக் குணம் கிடையாது என்றார் விரிவுரையாளர். காந்தத்தில் வைத்துப் பார்த்ததுண்டா என்று நெசவாளர் கேட்டதற்கு, இல்லை என்று ஒப்புக்கொண்டார். பார்த்துவிடலாமே என்று அவரே சொன்னதும் நெசவாளர் முறைத்தார்.

"எம் பாவ வச்சா?"

முடிவில் அறை விரிவுரையாளருக்கே என்றானது. ஆனால் கஞ்சி போடும் நாட்களில் காந்தம் அந்தத் தெருவிலேயே இருக்கக் கூடாது. அன்றெல்லாம் அதைத் துணிப்பையில் சுமந்துகொண்டு விடியற்காலையில் என் வீட்டுக்கு வருவார். நான் வாங்கிக் கிணற்றடியில் வைப்பேன். துருப்பிடிக்குமே, உள்ளே வைக்கலாமே என்று ஒருமுறை கேட்டார்.

உள்ளே பீரோவில் என் மனைவியின் பட்டுக் கூறைப்புடவை இருந்தது. இடமில்லை என்று சொல்லிவிட்டேன்.