கையைத் தூக்கினால் நிறுத்திவிடும் டாக்டரம்மா

டாக்டர் ஷமீமா போய்விட்டார்கள்... மாஹிமில் பல் கிளினிக் வைத்திருந்தார்களே, அந்த டாக்டரம்மா.

காலையில் நெஞ்சு வலியாம். ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே... இப்போதுதான் எங்கள் ஜெபக்குழு வாட்ஸ்அப்பில் பார்த்தேன். மத்தியானத் தொழுகை முடிந்ததும் அடக்கம்.

நான் எங்கே இருக்கிறேன் தெரியுமா? செம்பூரில், வேறொரு பல் கிளினிக்கில். ஏசி, கண்ணாடிக் கதவு. ஒரு பக்கம் மைனி, என் வீட்டுக்காரரின் அக்கா. இன்னொரு பக்கம் லீவு போட்டு வந்திருக்கும் என் மகன். நடுவில் நான்.

மகளுக்கு அடுத்த மாதம் கல்யாணம். மாப்பிள்ளை வீடு உல்லாஸ்நகர். போட்டோவில் என் பல் கறை தெரியக் கூடாதாம். அதனால் இன்று முன்பல்லை எல்லாம் ராவி, மேலே வெள்ளையாக ஓடு ஒட்டும் வேலை ஆரம்பம்.

எங்கள் ஊர் போர்வெல் தண்ணீர் குடித்து வளர்ந்த எல்லாருக்கும் பல்லில் பழுப்புக் கோடு இருக்கும். வலி கிடையாது, ஆட்டம் கிடையாது. இன்றைக்கும் கரும்பு கடிக்கிற பல்.

மகனுக்குத் தமிழ் வாசிக்க வராது. மைனிக்கு பேஸ்புக் கிடையாது. நான் வேத வசனம் ஃபார்வர்டு செய்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். அந்தத் தைரியத்தில் எழுதுகிறேன்.

மகன் கல்யாணத்துக்கு முன்பும் இதே கதைதான். தாராவியில் எங்கள் வீட்டுக்குப் பக்கம் என்று மைனி அப்போது கூட்டிப்போனது டாக்டரம்மாவிடம். நாற்காலியில் மல்லாந்து கிடக்கிறேன், வாய் நிறையப் பஞ்சு. நான் எவ்வளவு பேசுவேன் என்று உங்களுக்கெல்லாம் தெரியும்... அன்றைக்கு ஒரு வார்த்தை முடியவில்லை.

பல் கலர் காட்டும் அட்டையைக் கையில் வாங்கி, புடவை எடுப்பது போல மைனி பார்க்கிறார். "இது வேணாம் டாக்டர், இன்னும் வெளுப்பா எடுங்க. டியூப்லைட் கணக்கா இருக்கணும்."

டாக்டரம்மா சிரித்தார்கள். மைனியை வெளியே போய் ஒரு சாயா குடித்துவிட்டு வரச் சொன்னார்கள். அப்புறம் நாற்காலியை நிமிர்த்தி, பஞ்சை எடுத்து, தன் மாஸ்க்கையும் கழற்றிவிட்டு என் முன்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்தார்கள்.

"அக்கா, அவங்க சொன்னது இருக்கட்டும். உங்களுக்கு உங்க பல்லு எப்படித் தெரியுது?"

அந்த வயது வரை யாரும் கேட்டதில்லை. எல்லாரும் சொல்கிறார்கள், செய்துவிடுங்கள் டாக்டர் என்றேன்.

செய்யலாம் என்றார்கள். ஆனால் ராவின பல் திரும்ப வளராது, ஓடும் சில வருஷத்தில் மாற்ற வேண்டி வரும் என்று ஒரு மாதிரிப் பல்லை வைத்துக் காட்டினார்கள். கேட்டதை என்னையே திருப்பிச் சொல்லச் சொன்னார்கள்.

ஓடு ஒட்டுவதை மட்டும் சொன்னேன். ராவுவது பயத்தில் காதிலேயே ஏறவில்லை. கோபப்படாமல் மறுபடி முதலிலிருந்து சொன்னார்கள். இந்தத் தடவை சரியாகச் சொன்னேன்... சொல்லிவிட்டு நாக்கால் முன்பல்லைத் தடவிப் பார்த்துக்கொண்டேன்.

ஒரு வாரம் யோசித்துவிட்டு வரச் சொன்னார்கள். என்ன யோசித்து என்ன? மைனி முன்னால் வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வராது. மறுவாரம் அதே நாற்காலி.

"வேணாம்னு தோணுனா இடது கைய தூக்குங்கக்கா. அந்த நொடியே நிறுத்திருவேன்."

மெஷின் சத்தம் கேட்டதும் எனக்கு உயிரே இல்லை. கண்ணை இறுக்க மூடி மனசுக்குள் ஸ்தோத்திரம் சொல்ல ஆரம்பித்தேன். எங்கள் சபையில் பழகின பழக்கம், ஜெபம் உள்ளே இறங்கினால் கை தானாக மேலே போகும். போய்விட்டது.

மெஷின் நின்றது. பல்லைத் தொடக்கூட இல்லை.

வெளியே மைனியிடம் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நான் செய்வதாக இல்லை, சுத்தம் மட்டும் செய்து அனுப்புகிறேன் என்று தன் மேலேயே போட்டுக்கொண்டார்கள். மைனிக்கு வந்த கோபத்தில், "அப்ப ஆல்பம் பூரா வாய மூடிக்கிட்டே நில்லு" என்று என்னைத்தான் ஏசினார்.

எனக்கு மனசு கேட்கவில்லை. அடுத்த தடவை பல் வலி என்று மகளைக் கூட்டிப்போனபோது, அது ஜெபத்துக்குத் தூக்கின கை டாக்டர் என்று சொல்லிவிட்டேன்.

"நீங்க கைய தூக்குனீங்க, நான் நிறுத்துனேன். யாரப் பாத்துத் தூக்குனீங்கன்னு நான் எதுக்குக்கா கேக்கணும்?"

குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், அத்தனை பல்லும் தெரிய...

இந்தக் கிளினிக் டாக்டர் சின்னப் பையன். நல்ல பையன்தான். ஆனால் பேசினது எல்லாம் என் மகனிடம், இங்கிலீஷில். கம்ப்யூட்டரில் என் முகத்துக்கு வெள்ளைப் பல் வைத்துக் காட்டினார். அதில் சிரித்த பொம்பளையை எனக்குத் தெரியாது.

"மம்மி, டென்ஷன் எடுக்காத. ஹோ ஜாயேகா, எல்லாம் ஆயிடும்," என்கிறான் மகன்.

இப்போது ஒரு டாக்ஸி பிடித்தால் மாஹிம் போய் அவர்கள் முகத்தைப் பார்த்துவிடலாம். மைனியிடம் கேட்டும் பார்த்தேன். "வேல முடிஞ்சி போலாம். செத்தவுக எங்க போவப்போறாவ?"

என் பெயரைக் கூப்பிடுகிறார்கள்... மகன் கவுண்டரில் போய்ப் பேசிக்கொண்டிருக்கிறான். எனக்கு இன்னும் வாய் வரவில்லை.

இடது கையைத் தூக்கிவிட்டேன். இதை வலது கையால் அடிக்கிறேன்.

மைனி என்னை ஒரு பார்வை பார்த்தார். ஜெபம் என்று நினைத்து, தானும் முக்காடு போட்டுக் கண்ணை மூடிக்கொண்டார்.

கண்ணாடிக் கதவு நாலு எட்டில்தான் இருக்கிறது.

வந்துகொண்டே இருக்கிறேன் டாக்டரம்மா...