ஞாயிற்றுக்கிழமை டார்ச்

சோற்றில் ஒரு முடி கிடந்தால் போதும், என் வீட்டுக்காரர் தட்டைத் தள்ளிவிட்டு எழும்பிவிடுவார். இதற்குப் பயந்தே முப்பது வருஷம் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு சமைத்தேன். ஆனால் அவர் வாயில் எந்நேரமும் வெற்றிலையும் புகையிலையும் கிடக்கும். அது மட்டும் அசிங்கம் இல்லையாம்.

போன வருஷம் நாக்கின் ஓரத்தில் ஆறாமல் கிடந்த புண்ணைப் புற்றுநோய் என்றார்கள். திருவனந்தபுரத்தில் ஆபரேஷன். நாக்கில் பாதியை எடுத்துவிட்டு, இடது முன்கையிலிருந்து தோலை எடுத்து அந்த இடத்தில் வைத்துத் தைத்தார்கள். பேச்சு குழறியது. கஞ்சியிலிருந்து குழைந்த சோற்றுக்கு வர இரண்டு மாதம் ஆனது. நோய் திரும்பவும் வரலாம், வாயையும் கழுத்தையும் வாராவாரம் பாருங்கள், புதிதாக எது தெரிந்தாலும் உடனே வாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

அதனால் ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசைக்குப் புறப்படும் முன் அவர் ஜன்னலோரம் வாயைத் திறந்துகொண்டு உட்காருவார். நான் போன் டார்ச்சை அடித்துப் பார்ப்பேன். முப்பது வருஷத்தில் அந்த மனுஷன் எனக்கு இவ்வளவு அடங்கி உட்கார்ந்தது அப்போதுதான்.

ஒரு ஞாயிறு, தைத்த தோலில் கறுப்பாக ஏதோ தெரிந்தது. டார்ச்சை இன்னும் கிட்டக் கொண்டுபோனேன்.

"என்னட்டி?" என்றார்.

"ஒண்ணுமில்ல. நாளைக்கு ஆஸ்பத்திரிக்குப் போவோம்."

அவருக்குப் புரிந்துவிட்டது. அன்று பூசையில் நான் ஜெபிக்கவில்லை. கடவுளோடு சண்டைதான் போட்டேன்.

மறுநாள் தக்கலையில் பஸ் ஏறியதிலிருந்து, தழும்பு விழுந்த அந்த இடது கையை விடாமல் பிடித்துக்கொண்டே போனேன்.

டாக்டர் ஒரு இடுக்கியால் அந்தக் கறுப்பைப் பிடித்து இழுத்து, வெளிச்சத்தில் காட்டினார். முடி.

"கையில இருந்து எடுத்த தோல் இல்லையாம்மா? இன்னும் கையின்னு நெனச்சு முடி வளக்குது. தோல் நல்லாப் பிடிச்சிருக்கு."

கழுத்தையும் தடவிப் பார்த்தார். நோய் எதுவும் தெரியவில்லை என்றார்.

வெளியே பெஞ்சில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுது முடித்ததும் எனக்குக் கோபம் வந்தது.

"சோத்துல ஒரு முடி கெடந்தா எழும்பிப் போவிய. இப்ப வாய்க்குள்ளயே மொளச்சிருக்கு. எங்க போவிய?"

அவர் சிரித்தார். பிறகு, குழறக் கூடாது என்று ஒவ்வொரு சொல்லாக, மெதுவாகச் சொன்னார்.

"எங்கயும் போவல்ல, ஏட்டி."