கோமதியக்காவின் கடைத்தெருச் சட்டம்

கோமதியக்காவின் மருமகள் வாசலில் வந்து நின்றபோது, இந்த வாரக் குறுக்கெழுத்துக்குக் கட்டம் போட்டுக்கொண்டிருந்தேன். "அத்தை காப்பி கேட்டாவ. நான் கொண்டு போகதுக்குள்ள..." என்றாள். முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். அளவுகோலைக் கீழே வைத்தேன்.

மாதர் சங்கத்துச் சகோதரிகளே, பட்டணத்துப் பத்திரிகைகளைப் பார்த்து நாமும் குறுக்கெழுத்துப் போட்டி தொடங்கிய நாள் முதல் உங்கள் விடைகளைத் திருத்தியவர்கள் நாங்கள் இருவரும். நான் கான்வென்டில் படித்தவள். அகராதியில் இருந்தால்தான் சொல் என்பேன். அக்காவின் சட்டம் வேறு. தகராறு வந்தால், அந்தச் சொல்லைக் கடைத்தெருவில் சொல்லிப் பொருளைக் கேட்க வேண்டும். மறுகேள்வி இல்லாமல் எடுத்துக் கொடுத்தால் விடை சரி. விடையை மறுத்தவரே போய்க் கேட்க வேண்டும்.

அக்காவுக்கு அகராதியே பிடிக்காது என்று துக்க வீட்டில் ஒருவர் சொன்னார். அது தவறு. விரும்பிப் படிப்பார், நம்பமாட்டார், அவ்வளவுதான். குடைக்கு 'ஆதபத்திரம்' என்ற விடையை நான் ஏற்றபோது, "அதைச் சொல்லிக் கேட்டுட்டு நீ சாரல்ல நனைஞ்சுக்கிட்டே நில்லு" என்றார். வெட்கம், பொறாமை போன்றவற்றை எந்தக் கடையில் கேட்பது என்று நான் மடக்கினேன். "அதுக்கு நம்ம சங்கமே போதும்" என்றார்.

என் கணவர் காலமான பின் நான் நிலைப்படி தாண்டவில்லை. கைம்பெண் எதிரே வந்தால் சகுனம் பார்க்கும் ஊர். என்னைக் கண்டு ஒருவர் ஒதுங்குவதை நான் பொறுக்கமாட்டேன். அதனால் உள்ளேயே இருந்தேன். விடைத்தாள்கள் வீடு தேடி வந்தன.

அவர் காலமான ஆண்டின் சாரல் காலத்தில், வாழை வகை ஒன்றுக்கு நான்கு கட்டம் விட்டிருந்தோம். என் விடை 'மொந்தன்'. பாதிப் பேர் 'ஏத்தன்' என்று எழுதியிருந்தார்கள். அதுவும் கட்டத்தில் பொருந்தியது. என் அகராதியில் இல்லை. அடித்துவிட்டேன். மறுநாள் அக்கா வில்வண்டியோடு வந்தார்.

"மறுத்தவ நீ. எந்திரி, குத்தாலத்துக்குப் போவோம்."

"அது மலையாளத்துப் பேச்சுக்கா."

"சாரலும் அங்கனயிருந்துதான் வருது. திருப்பி அனுப்பிருவியோ?"

"வேற யாரையாவது அனுப்புங்க. நான் வெளிய வரதில்லைன்னு உங்களுக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும் ஏட்டி. சட்டத்துக்குத் தெரியாதுல்லா?"

வண்டி தெருமுனையில் திரும்பியபோது, எதிரே வந்த ஒரு பெண் என்னைக் கண்டு சட்டென்று சுவரோரம் ஒதுங்கினாள். எனக்கு முகம் எரிந்தது. அக்கா வண்டிக்கு வெளியே தலையை நீட்டி, "வழி விட்டியாக்கும்? நல்லாரு தாயி!" என்று உரக்க வாழ்த்தினார்.

குற்றாலத்துப் பழக்கடைக்காரர் என் வெள்ளைச் சேலையைக் கவனிக்கவே இல்லை. சாக்கை இழுத்துப் பழங்களைச் சாரலிலிருந்து மூடிக்கொண்டிருந்தார். "ஏத்தன் இருக்கா?" என்றேன். என் குரல் எனக்கே புதிதாக இருந்தது.

"அவிக்கவா ஆச்சி, அப்படியே திங்கவா?" என்றபடி ஒரு சீப்பை என் கையில் வைத்தார்.

"மறுகேள்வி கேட்டுட்டாரேக்கா" என்றேன்.

"அது கேள்வி இல்லட்டி, உபசாரம்."

நான் சிரித்துவிட்டேன். அந்த ஆண்டில் அதுதான் என் முதல் சிரிப்பு. இரண்டு விடைகளும் சரி என்று அறிவித்தோம்.

அதன்பின் அக்கா அடிக்கடி ஏதாவது ஒரு சொல்லோடு வந்து நின்றார். பல சொற்களில் தகராறுக்கு இடமே இல்லை. அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஆனாலும் நான் தவறாமல் மறுத்தேன். அவர் தவறாமல் வண்டி கொண்டுவந்தார்.

நேற்று அவருடைய காரியத்துக்குச் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்கு நானே போனேன். வண்டி வைக்கவில்லை, துணைக்கு யாரையும் கூப்பிடவில்லை. ஒதுங்கியவர்கள் ஒதுங்கினார்கள். நான் நடுத்தெருவில் நடந்தேன். கோமதியக்கா எனக்கு விட்டுச் சென்றது அந்த நடை. இருக்கும்வரை அதை வைத்திருப்பேன்.