முடக்கத்தானுக்காக விழுந்த அடி

நான் அடித்துப் பிழைப்பவன். முப்பது வருஷமாக மிருதங்கம். மேடையில் அடித்தால் தலையாட்டுவார்கள், வெளியில் அடித்தால் போலீஸுக்குப் போன் போடுவார்கள். இரண்டுக்கும் நடுவில் இருக்கும் கோடு எனக்கு எப்போதுமே கொஞ்சம் மங்கல்தான். சுருதி சேர்க்கும் கல்லை ஒருமுறை கோபத்தில் ஜன்னல் வழியே வீசி, கீழ்வீட்டுக்காரரின் கார் கண்ணாடியைத் தூளாக்கியிருக்கிறேன். லிஃப்ட் பழுது பார்க்க வந்தவரின் சட்டைக் காலரைப் பிடித்து லிஃப்டுக்குள்ளேயே சாத்தியிருக்கிறேன். மந்தைவெளியில் எங்கள் தெருவுக்குள் நுழைந்தால் ஆட்டோக்காரர்கள்கூட ஹாரன் அடிக்க யோசிப்பார்கள் என்று என் மனைவி சொல்வாள். கேலிதான், ஆனால் பாதி நிஜம்.

ஐம்பத்தொன்றாவது வயதில் விரல் கணுக்கள் வீங்க ஆரம்பித்தன. காலையில் எழுந்தால் வலது கை மடங்காது. வெந்நீரில் பத்து நிமிஷம் ஊறப்போட்ட பிறகுதான் காபி டம்ளரையே பிடிக்க வரும். டாக்டர் கொடுத்த மாத்திரை வலியைக் குறைத்தது, வயிற்றில் தீ வைத்தது. மார்கழிக்கு மூன்று மாதம் இருந்தது. அந்த வருஷம்தான் முதல்முறையாக எனக்கு ஒரு மாலைக் கச்சேரி கிடைத்திருந்தது. மத்தியானம் காலி நாற்காலிகளுக்கு வாசித்தே பாதி ஆயுள் போனவனுக்கு அது எவ்வளவு பெரிய விஷயம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். அதுவரை இந்தக் கை தாங்குமா என்று பயமாக இருந்தது. பயந்தால் எனக்குக் கோபம்தான் வரும்.

மாட வீதியில் கீரை விற்கும் பெண் ஒருத்தி இருந்தாள். முப்பது வயதுக்கு மேல் இருக்காது. நான் முருங்கைக்கீரைக் கட்டை வாங்கும்போது அது கை நழுவி விழுந்தது. அவள் கட்டைப் பார்க்கவில்லை, என் விரல்களைப் பார்த்தாள்.

"இன்னா ஐயரே, வெரலு இப்டி வீங்கிக் கீது? முடக்கத்தான் துன்னு."

"உன்கிட்ட இருக்கா?"

"கட்டு கட்டி விக்க அது இன்னா அரக்கீரையா? பறிச்சு ஒரு மணி நேரத்துல தொவண்டு பூடும். காலீல வா, எடம் காட்றேன். நீயே பறிச்சுக்கோ."

இடம் அடையாற்றில் ஒரு காலி மனை. முன்பக்கம் துருப்பிடித்த கம்பி வேலி, அதை ஒட்டி ஒரு பக்கம் இடிந்த மதில். தினமும் விடிந்ததும் அவள் அங்கே வந்து கிடைத்ததைக் கிள்ளிக்கொண்டு கடைக்குப் போவாள். வேலி முழுக்க முடக்கத்தான் ஏறியிருந்தது. மெல்லிய கொடி, காற்றடைத்த பச்சைப் பை மாதிரி காய். காயை உடைத்து ஒரு கருப்பு விதையை என் உள்ளங்கையில் வைத்தாள். அதன் மேல் வெள்ளையாக ஒரு பொட்டு. "இத்தப் பாத்தியா? இது இருந்தா முடக்கத்தான். இல்லாங்காட்டி கைய வெக்காத," என்றாள்.

நான் கேட்டுக்கொள்கிற ரகம் இல்லை. இரண்டாம் நாளே கொடி கொடியாக அள்ளினேன். நடுவில் காஞ்சொறி பின்னியிருந்தது. கை முழுக்க நெருப்பாய் எரிந்தது, நான் போட்ட சத்தத்தில் மதில் மேல் இருந்த காக்கைகள் கிளம்பிவிட்டன. வேலியை உதைத்தேன். கால் கட்டைவிரல் நகம் பெயர்ந்தது. அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். "அது உன்ன கடிச்சிச்சு, நீ வேலியக் கடிக்கறியா?" என்றாள். அவள் சிரித்ததற்காக அவளையும் ஒரு அறை விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. எழுதவே கூச்சமாக இருக்கிறது, ஆனால் தோன்றியது.

வீட்டிலும் சண்டைதான். அதே மனையில் பறித்த தூதுவளையைத் துவையல் அரைக்கச் சொல்லி மனைவியிடம் கொடுத்தேன். முள்ளைச் சீவ வேண்டும் என்று சொல்லவில்லை. முதல் வாயிலேயே உதடு கிழிந்து ரத்தம். தட்டைச் சுவரில் எறிந்தேன்.

"முள்ளு இருக்குன்னு சொல்லிக் குடுக்காதது யாரு? நானா?" என்று அவள் கத்தினாள். "இந்த ஆத்துல இனிமே எவர்சில்வர் மட்டும்தான். பீங்கான் வாங்கி வாங்கி எனக்கு அலுத்துடுத்து."

ஆனாலும் முடக்கத்தான் தோசை தினமும் வார்த்துக் கொடுத்தாள். அன்றைக்கு அரைத்த மாவை அன்றைக்கே வார்த்துவிட வேண்டும், மறுநாள் கசந்துவிடும். ஆறு வாரத்தில் காலையில் எழுந்ததும் கை மடங்கியது. இலையா, மாத்திரையா, தினமும் அடையாறு வரை நடந்த நடையா, எனக்குத் தெரியாது. நான் நல்ல பெயரை இலைக்குத்தான் கொடுத்தேன். மோதிரம் சிரமம் இல்லாமல் கழன்ற அன்றைக்குக் குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அதற்குப் பிறகுதான் பைத்தியம் பிடித்தது. அந்தப் பெண் எனக்குச் சொல்லிக்கொடுத்த விதி ஒன்றே ஒன்று. "நுனிய மட்டும் கிள்ளு. கொடிய இழுத்தா வேரோட வந்துரும். அப்பறம் ஒனக்கும் இல்ல, எனக்கும் இல்ல." இதை நான் வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். மனை யாருடையதோ, வேலி யாருடையதோ, ஆனால் கொடி என்னுடையது. மேய வந்த ஆட்டைக் கல்லால் அடித்து விரட்டினேன். பைக்கை நிறுத்திவிட்டு வேலியோரம் ஒன்றுக்குப் போக நின்ற ஒருவனைப் பின்னாலிருந்து ஓங்கித் தள்ளினேன், பாதியில் இருந்தவன் கம்பியில் போய் மோதினான். புதிதாகக் கற்றுக்கொண்டவனுக்குத்தான் இந்த வெறி வரும். கற்றுக்கொடுத்தவள் இதையெல்லாம் பார்த்து, "ஐயரே, இது செடிதான்," என்று மட்டும் சொன்னாள்.

நவம்பரில் பத்து நாள் வெளியூர்க் கச்சேரிகள். திரும்பி வந்த மறுநாள் காலை, தெருமுனையிலிருந்தே பார்த்துவிட்டேன். ஒருவன் வேலி ஓரம் நின்று அரிவாளால் கொடியை அடியோடு அறுத்து, கொத்துக் கொத்தாக இழுத்துத் தரையில் போட்டுக்கொண்டிருந்தான். வேலியில் பாதி மொட்டை. காய்கள் அவன் செருப்புக்கடியில் பட் பட்டென்று வெடித்தன.

நான் ஓடினேன். "யார்ரா நீ?" என்று கேட்டேனா, அடித்த பிறகு கேட்டேனா, நினைவில்லை. முதல் குத்து வாயில் விழுந்தது. உதடு பிளந்து, ஒரு பல் மோவாயில் ஒட்டிக்கொண்டு வந்தது. அவன் சரிந்து மதில் பக்கம் போனான். தலைமுடியைப் பிடித்தேன். அந்த நிமிஷம் எனக்கு நன்றாக இருந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும். கை வலிக்கவில்லை, விரல்கள் முழுசாக மடங்கின, பத்து வருஷத்துக்கு முந்தைய கை அது. இரண்டாவது குத்தை முழு பலத்தோடு ஓங்கினேன். அவன் தலையை விலக்கினான். என் கை மதில் செங்கலில் இறங்கியது. உள்ளே ஏதோ முறிந்த சத்தம் கேட்டது. தாளம் மாதிரித் தெளிவாகக் கேட்டது.

மதிலுக்குப் பின்னாலிருந்து சாக்குப் பையோடு அவள் வந்தாள். பை நிறைய முடக்கத்தான்.

"டேய்! இன்னாடா பண்ண?"

அதுவரை நான் ஐயர். அந்தக் காலையிலிருந்து டேய்.

"நாந்தாண்டா அறுத்துப் போடச் சொன்னேன் அந்த ஆள. நாளிக்கி ஜேசிபி வர்து, பில்டிங் கட்டப் போறான். அல்லாம் மண்ணுக்குள்ள பூடும்னு, காய வெச்சு மருந்துக் கடையில போடலாம்னு கேட்டேன். அவன் வேலய வுட்டுட்டு எனக்கோசரம் அறுத்துக்கினு இருந்தான். அவனப் போயி..."

சாக்கை என் மேல் வீசினாள். கொடியும் இலையுமாக என் தலையிலிருந்து தொங்கின.

இதுவரை அவன், அவன் என்று எழுதிவிட்டேன். அவருக்கு என் வயது இருக்கும். மனையைச் சுத்தம் பண்ண வந்த கூலியாள். இவ்வளவு நேரமும் அவர் கையில் அரிவாள் இருந்தது. அதைக் குனிந்து மெதுவாகத் தரையில் வைத்தார். பிறகு உள்ளங்கையை வாய்க்கடியில் ஏந்தி ரத்தத்தைப் பிடித்துக்கொண்டார். திருப்பி ஒரு அடி அடித்திருந்தால் எனக்குப் பரவாயில்லையாக இருந்திருக்கும்.

ஒரே ஆட்டோவில் மூன்று பேரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். சீட்டு எழுதுகிறவர் என் கையைப் பார்த்தார், கூலியாளின் வாயைப் பார்த்தார். "எப்படி ஆச்சு? அடிதடியா? அடிதடின்னா போலீஸுக்குச் சொல்லணும்," என்றார்.

"சாரத்துலேர்ந்து வுயுந்துட்டேன் சார்," என்றார் அவர், வாயில் துணியை அழுத்திக்கொண்டே. "இவுரு என்னப் புடிக்க வந்து, இவுரும் வுயுந்துட்டாரு."

என்னைக் காப்பாற்றச் சொன்ன பொய் இல்லை அது. கேஸ் என்று வந்தால் ஸ்டேஷனில் யாரைப் பிடித்து உட்கார வைப்பார்கள் என்று அவருக்குத் தெரியும். எனக்கும் தெரியும். அப்போது நான் வாயைத் திறந்து, "இல்லை, நான்தான் அடித்தேன்," என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. குத்தும்போது வந்த தைரியம் அங்கே வரவில்லை. சீட்டு எழுதுகிறவர் எனக்கு மட்டும் உட்கார நாற்காலி காட்டினார், நான் உட்கார்ந்தேன்.

சுண்டுவிரலுக்குக் கீழே உள்ள எலும்பு இரண்டாக உடைந்திருந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மாலைக் கச்சேரிக்கு வேறு ஒருவர் வாசித்தார். நான் போகவில்லை. மனைவி போய்விட்டு வந்து, "நன்னா வாசிச்சார்," என்று சொன்னாள். எனக்கு ஆறுதலாக இருக்கட்டும் என்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை அவள். அவள் பக்கம் நியாயம் இருந்தது.

கட்டுப் பிரித்த அன்றே மிருதங்கத்தை எடுத்து மடியில் வைத்தேன். வலது பக்கத்தில் சாப்பு என்று ஒரு சொல் உண்டு. சுண்டுவிரல் பக்கத்தால் கருப்பு வட்டத்தின் ஓரத்தில் அடித்தால் கம்பி அதிர்வது போல் ரீங்காரமாக வர வேண்டும். பாட்டு உருகும் இடத்தில் அதைப் போட்டால் பாடுகிறவரே திரும்பிப் பார்ப்பார். எனக்குப் பெயர் வாங்கித் தந்ததே அந்தச் சொல்தான். அடித்தேன். பலகையில் தட்டின மாதிரி செத்த சத்தம் வந்தது. நூறு முறை அடித்திருப்பேன்.

மறுநாள் மாட வீதிக்குப் போனேன். அவள் கூறு கட்டிக்கொண்டிருந்தாள்.

"அவர் எப்படி இருக்கார்?"

"வேற சைட்டுக்குப் பூட்டான். ஒரு பக்கமாத்தான் மென்னுகினு கீறான்."

"முடக்கத்தான் வேற எங்கயாவது இருக்கா? எடம் மட்டும் சொல்லு, போதும்."

"எதுக்கு?"

"கைக்கு."

அவள் நிமிர்ந்து என் வலது கையைப் பார்த்தாள். கோபமாகக்கூடக் கேட்கவில்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். "அந்தக் கை நல்லாயி இன்னா பண்ணப் போற? இன்னொருத்தன் பல்ல ஒடைக்கவா?"

மிருதங்கம் வாசிப்பவன் என்று சொல்ல வாயெடுத்தேன். இரண்டு மாதம் அவளோடு வேலியோரம் நின்றிருக்கிறேன், ஒருநாள்கூட அதைச் சொன்னதில்லை. கீரைக்காரிக்கு எதற்கு என்று இருந்துவிட்டேன். என் கை என்ன செய்யும் என்று அவள் கண்ணால் பார்த்தது ஒன்றுதான். அவளுக்குத் தெரிந்த என் கை அதுதான்.