வெயிலில் மழைக்கோட்டு போட்டுத் தளிக்கு நடந்தது

ஓசூரிலிருந்து கடல் வரைக்கும் நடந்தே போகப் போகிறேன் என்று நான் கம்பெனி கேன்டீனில் அறிவித்தபோது என் வாயில் பாதி இட்லி இருந்தது. அதை விழுங்கிவிட்டு யோசித்திருந்தால் அறிவித்திருக்க மாட்டேன். நடப்பதுதான் நடக்கிறோம், பக்கத்தில் ஏதாவது ஏரி வரைக்கும் என்று சொல்லியிருக்கலாம். இல்லை. மேற்குக் கடல். தளி வழியாகக் கர்நாடகத்துக்குள் நுழைந்து, கனகபுரா, ஹாசன், சக்லேஷ்பூர் என்று போய், மலை இறங்கி மங்களூர். ஆண்டுப் பராமரிப்புக்காகக் கம்பெனியை மூடுகிற நாட்களோடு என் மிச்ச விடுப்பையும் ஒட்டவைத்தால் போய்ச் சேர்ந்துவிடலாம், திரும்பி வரத்தான் ரயில் இருக்கிறதே என்று விளக்கமும் கொடுத்தேன்.

எதிரில் உட்கார்ந்திருந்த மெயின்டனன்ஸ் நண்பர் சட்னியிலிருந்து கண்ணை எடுக்காமலே, "கேட்ல இருந்து ஸ்டோருக்கு வர்றதுக்கே செக்யூரிட்டி சைக்கிள வாங்கற ஆளு நீ," என்றார்.

"அது டியூட்டி நேரம். கம்பெனி நேரத்த வீணாக்கக் கூடாதில்ல," என்றேன்.

சாயங்காலத்துக்குள் எனக்குப் பெயர் மாறிவிட்டது. "கடல், ரெண்டு பேரிங் குடு." "கடலு, அந்த ஆயில் சீல் வந்துச்சா?" போகாமல் விட்டால் ஓய்வு பெறுகிறவரை இந்தப் பெயரோடுதான் பேரிங் கொடுக்க வேண்டும். ஆனால் அதற்காக மட்டும் நான் நடக்கவில்லை. என் பாதி ஆயுள் உதிரி பாகம் கொடுக்கிற ஸ்டோரின் கம்பிவலைக்குப் பின்னால் போயிருக்கிறது. நான் கையெழுத்துப் போட்டு அனுப்பிய பெட்டிகளில் சில மங்களூர் துறைமுகத்தில் கப்பல் ஏறுகின்றன. பெட்டி எல்லாம் கடலைப் பார்த்துவிட்டது, கையெழுத்துப் போட்டவன் பார்க்கவில்லை. ஐம்பதை எட்டிப் பார்க்கிற வயதில் இது கொஞ்சம் உறுத்தியது.

நான் வெளியே சிரிக்கிறவன். பயம் வந்தால் இன்னும் அதிகமாகச் சிரிப்பேன். அந்த வாரம் நான் சிரித்த சிரிப்பில் கேன்டீனே அதிர்ந்தது. உள்ளே என்ன நடந்தது என்பது என் முதுகுப்பைக்குத்தான் தெரியும். ஸ்டோர்காரனுக்குப் பயம் வந்தால் சாமி கும்பிட மாட்டான், சரக்கு சேர்ப்பான். ஒரு பொருளைக் கேட்டு, அது இல்லை என்று சொல்ல நேர்ந்தால் எங்களுக்கு அது மானப் பிரச்சினை. எப்போதோ விற்றுத் தீர்த்த ஒரு மெஷினின் கப்பி இன்னும் என் ரேக்கில் எண்ணெய் தடவி உட்கார்ந்திருக்கிறது. மெஷினை வாங்கியவன் ஒருநாள் திருப்பிக் கொண்டுவந்து விட்டால்?

அப்படியே பையும் நிரம்பியது. டார்ச், அது கெட்டுப்போனால் இன்னொரு டார்ச். மழைக்கோட்டு. நைலான் கயிறு. மடக்கு அடுப்பு. யானை வந்தால் ஊத ஒரு விசில். விசிலைக் கேட்டு யானை என்ன செய்யும் என்று நான் யோசிக்கவில்லை. கொசுவலை, ஊசி நூல், ஷூ கயிறு, அந்தக் கயிறு அறுந்தால் மாற்றுக் கயிறு, ஒரு ஸ்பேனர்.

என் மனைவி அந்த ஸ்பேனரை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "பையில எங்கியும் நட்டு போல்ட்டே இல்லைங்களே."

"வழியில யாருக்காவது தேவைப்படும்."

அவள் பையைத் தூக்க முயன்றாள், வைத்துவிட்டாள். அவளும் சிப்காட்டில்தான் வேலை செய்கிறாள், வேறு கம்பெனி. வயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டி மோட்டார் வண்டிகளுக்கு அனுப்புகிற லைனுக்கு அவள் லீடர். அவர்கள் லைனில் தூசு இருக்காது, தேவையில்லாத பொருள் இருக்காது. எது எதற்கென்று தெரியாமல் கிடக்கிறதோ அதில் ஒரு சிவப்பு அட்டையைக் கட்டிவிடுவார்கள். ரெட் டேக். குறித்த காலத்துக்குள் அதை யாரும் பயன்படுத்தவில்லை என்றால் அந்தப் பொருள் லைனைவிட்டு வெளியேற வேண்டும். எங்கள் கம்பெனியிலும் அந்த முறை உண்டு. கடைசி நாளில் யாரும் பார்க்காதபோது அட்டையை அவிழ்த்துவிட்டு, "இது வேணும், இருக்கட்டும்" என்று சொல்கிறவன் நான். ரெட் டேக் கட்டுகிறவளும் அவிழ்க்கிறவனும் ஒரே வீட்டில் குடும்பம் நடத்துவது சாதாரண விஷயமில்லை. எங்கள் பழைய மிக்ஸி இன்னும் சிவப்பு அட்டையோடுதான் பரண்மேல் இருக்கிறது.

அந்த வெள்ளிக்கிழமை அவள் ஒரு கட்டு அட்டையோடு என் எதிரில் உட்கார்ந்தாள். பையிலிருந்த ஒவ்வொன்றிலும் ஒரு அட்டையை நூலால் கட்டினாள். கட்டிக்கொண்டே விதியையும் சொன்னாள்.

"நாளைக்கு இதத் தூக்கிட்டு தளிக்கு நடந்து போங்க. அங்க ரோஜாத் தோட்டம் வெச்சிருக்கற என் தம்பி வீட்ல படுத்துட்டு மறுநாள் நடந்தே வாங்க. எத யூஸ் பண்றீங்களோ அதோட டேக்க மட்டும் அவுருங்க. டேக்கோட திரும்பி வர்றது எதுவும் கடலுக்கு வராது."

"சரி."

"நடுவுல எந்த வண்டியிலயும் ஏறக் கூடாது. எனக்கு போன் பண்ணி வந்து கூட்டிட்டுப் போன்னு சொன்னீங்கன்னா, மிக்ஸிக்குப் பக்கத்துல இந்தப் பையும் போயிடும். அப்புறம் இந்த வீட்ல கடல் பேச்சே கிடையாது."

சொல்லிவிட்டு என் போனை வாங்கி, பிளாஸ்டிக் உறையில் போட்டு, அதையும் சுற்றிக் கட்டி ஒரு அட்டையைத் தொங்கவிட்டாள். போனுக்குமா என்றேன். அதுக்குத்தான் முக்கியமா என்றாள்.

மறுநாள் விடிந்ததும் கிளம்பினேன். மத்திகிரி தாண்டும்வரை நான் ராஜா. காற்று குளுகுளுவென்று இருந்தது, கால் தானாகப் போனது. மங்களூர் என்ன, அங்கிருந்து கப்பலுக்கும் நடந்துவிடலாம் என்று தோன்றியது. அப்போதுதான் என் உள்ளேயிருந்த ஸ்டோர்காரன் கண் விழித்தான். டார்ச் அட்டையோடு வீடு திரும்பினால் பரணுக்குப் போய்விடும். பாவம், நல்ல டார்ச். ரோட்டோரம் நின்று, நல்ல வெயிலில் டார்ச்சைப் போட்டு ஒரு மைல்கல்லைப் படித்தேன். தளி இன்னும் தூரம் என்று தெரிந்தது. அட்டையை அவிழ்த்தேன். அடுத்து இன்னொரு டார்ச்சைப் போட்டு அதே கல்லைச் சரிபார்த்தேன்.

அதன் பிறகு நான் நடந்ததைவிட நின்றதுதான் அதிகம். விசிலை ஊதினேன், பாலித்தீன் கூரை போட்ட பாலிஹவுஸ் ஒன்றிலிருந்து ரோஜா பறித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஊசி நூலை எடுத்து, கிழியாத சட்டையில் ஒரு தையல் போட்டேன். ஸ்பேனருக்கு நியாயமான வேலை கிடைக்கவில்லை, ஒரு பாலத்தின் கைப்பிடியில் இருந்த போல்ட்டை வைத்துப் பார்த்தேன், அளவு பொருந்தவில்லை, முயற்சியே பயன்பாடுதான் என்று தீர்ப்பு சொல்லி அவிழ்த்துவிட்டேன். மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கொஞ்ச தூரம் நடந்தபோது பின்னாலிருந்து தளி பஸ் வந்து வேகம் குறைத்தது. கண்டக்டர் படியில் நின்றபடி வானத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"எந்த ஊர்ல சார் மழை?"

நான் கம்பீரமாகக் கையை அசைத்து பஸ்ஸை அனுப்பிவிட்டேன். அது தளிக்குப் போய்விட்டு ஓசூருக்குத் திரும்பும்போது, நான் ஒரு டீக்கடைக்கு நேர் எதிரே புளியமரத்தடியில் மடக்கு அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டுக்கொண்டிருந்தேன். டீக்கடையில் இருந்த மொத்தக் கூட்டமும் கிளாஸைக் கையில் வைத்துக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தது. கண்டக்டர் மறுபடியும் தலையை நீட்டி, "கடை தொறந்துதானே சார் இருக்குது?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

பேளகொண்டப்பள்ளி தாண்டியதும் ராஜ்யம் கவிழ்ந்தது. உச்சி வெயில். வலது குதிகாலில் கொப்புளம். பையின் பட்டை தோளை அறுத்தது. ஒரு சின்னப் பாலத்தின் மேல் உட்கார்ந்து ஷூவைக் கழற்றினேன், பிளாஸ்திரி ஒட்டினேன், காய்ந்த சாக்ஸ் மாற்றினேன், இருந்த தண்ணீரைக் குடித்தேன். பிறகு பயப்படத் தொடங்கினேன். நான் ஒழுங்காகச் செய்கிற வேலை அது ஒன்றுதான். நெஞ்சு கம்ப்ரஸர் மாதிரி அடித்தது. இது மாரடைப்பா அல்லது டீயா? யானைகள் இந்தப் பக்கம் பகலில் வருமா? கேன்டீனில் நண்பர் எழுந்து நின்று, "கடல் பேளகொண்டப்பள்ளியிலயே வத்திடுச்சு" என்று அறிவிப்பது காதில் கேட்டது. கை தானாகப் போனை எடுத்தது.

இரண்டு சக்கர வண்டியில் அவள் வர அதிக நேரம் ஆகாது. வீட்டுக்குப் போய் மின்விசிறிக்கு அடியில் படுத்துக்கொள்ளலாம். கடல் எங்கே போய்விடப் போகிறது? முடிச்சை இழுத்தேன். வரவில்லை. நகத்தால் நெம்பினேன். பல்லால் கடித்தேன். வருஷக்கணக்கில் வண்டி எஞ்சினுக்குப் பக்கத்தில் ஆடி அதிர்கிற வயர்களைக் கட்டிய கை அது. என் பல்லுக்கெல்லாம் அசையுமா? மற்ற பொருள்களுக்குச் சாதாரண முடிச்சு, போனுக்கு மட்டும் கம்பெனி முடிச்சு. என்னைப் பற்றி அவளுக்கு நல்ல அபிப்பிராயம் இருந்திருக்கிறது.

சிரிப்பு வந்துவிட்டது. பயத்தில் வருகிற சிரிப்பில்லை, நிஜமான சிரிப்பு. சிரித்துவிட்டுச் சுற்றிலும் பார்த்தேன். கத்தரிக்கோலைத் தேடிப் பை முழுவதையும் கவிழ்த்திருந்தேன். கத்தரிக்கோல் மட்டும் எடுத்து வரவில்லை. டார்ச்சுகள், அடுப்பு, கயிறு, வலை எல்லாம் பாலத்தின் மேல் சந்தைக் கடை மாதிரி பரந்து கிடந்தன. காலையிலிருந்து அவை எனக்கு ஒரு வேலையும் செய்யவில்லை. அவற்றுக்கு வேலை தேடிக் கொடுப்பதற்காக நான்தான் ரோடெல்லாம் அலைந்திருக்கிறேன். என் உடம்பு உண்மையில் கேட்டது எது? தண்ணீர், தொப்பி, பிளாஸ்திரி, காய்ந்த சாக்ஸ். ஒரு டார்ச்சும் ஒரு போர்வையும் வழியில் வேண்டியிருக்கும். மற்றது?

சட்டைப் பையில் திணித்து வைத்திருந்த சிவப்பு அட்டைகளை எடுத்தேன். ஒவ்வொன்றாகத் திரும்பக் கட்டினேன். என் உத்தியோக வாழ்க்கையில் நானே என் கையால் ரெட் டேக் கட்டியது அதுதான் முதல் தடவை. இரண்டாவது டார்ச்சைக் கடைசியாக ஒருமுறை எரியவிட்டுப் பார்த்துவிட்டுக் கட்டினேன். போனைத் தவிர அட்டை கட்டிய எல்லாவற்றையும் மழைக்கோட்டில் போட்டு நைலான் கயிற்றால் மூட்டையாகக் கட்டினேன். கட்டி முடித்ததும் ஒரு சட்டச் சிக்கல். இப்போது கோட்டும் கயிறும் நிஜமாகவே பயன்பட்டுவிட்டனவே? சற்று யோசித்து, மூட்டையோடு சேர்த்து அவற்றையும் போகவிட்டேன்.

தளி பஸ் மூன்றாவது தடவையாக வந்தது. இந்தத் தடவை நானே கையைக் காட்டினேன். கண்டக்டர் பரிதாபத்தோடு கதவோரம் ஒதுங்கி நின்று, "ஹத்தி சார், காலி இதெ," என்றார். காலியா இருக்குது, ஏறுங்க. உள்ளே ஜன்னலோரம் ஒரு சீட் காற்றாட இருந்தது. அந்த சீட் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது.

"நான் வரலீங்க. மூட்டை மட்டும் வரும்," என்றேன்.

அந்த ரோட்டில் ஆளில்லாமல் மூட்டை போவது புதிதில்லை. பூவும் கோஸும் தினமும் அப்படித்தான் போகின்றன. யார் எடுத்துக்கொள்வார்கள் என்று கேட்டார். ரோஜாத் தோட்டத்து மச்சானின் அடையாளம் சொன்னேன், டெம்போ வராத நாளில் அவன் பூக்கூடை இந்த பஸ்ஸில்தான் ஏறும் என்பதால் கண்டக்டர் உடனே தெரிந்துகொண்டார். மூட்டை போனது. நான் எழுந்து நின்றேன். தோள் லேசாக இருந்தது. கால் வலித்தது, ஆனாலும் நடந்தது.

தளி பஸ் நிறுத்தத்தில் மச்சான் மூட்டையின் மேல் கையை வைத்தபடி நின்றிருந்தான். பாதி முகம் பயம், பாதி முகம் சிரிப்பு.

"மாமா, மூட்டை மட்டும் வந்து எறங்குச்சு. பூராவும் ரெட் டேக். எனக்குப் பயமாயிடுச்சு, அக்காவுக்கு போன் போட்டுட்டேன்."

"என்ன சொன்னா?"

"மூட்டை வந்துச்சுன்னா மாமா நடந்து வர்றாருன்னு அர்த்தம், நீ வெந்நி போடுன்னாங்க."

மறுநாள் காலையில் மச்சான் ஓசூருக்குப் பூ ஏற்றுகிற டெம்போவின் முன்சீட்டைத் துடைத்துக்கொண்டே, அக்காவுக்குச் சொல்ல மாட்டேன், நடுவில் இறக்கிவிடுகிறேன் என்றான். மூட்டையை மட்டும் அந்த சீட்டில் உட்காரவைத்து பெல்ட் போட்டுவிட்டுக் கிளம்பினேன். அதே ரோடு, அதே வெயில். எங்கேயும் நிற்கவில்லை, தண்ணீருக்கும் காலுக்கும் தவிர. டீயைக் கடையில் குடித்தேன். பஸ் எதிரில் வந்தபோது கண்டக்டர் ஒன்றும் கேட்கவில்லை, நெற்றிக்கு நேராகக் கையை ஒருமுறை தூக்கி இறக்கினார்.

வீட்டு வாசலில் மூட்டை எனக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. மனைவி அதன் பக்கத்தில் நின்றாள்.

"மூட்டை பஸ்ல போச்சு, டெம்போல வந்துச்சு," என்றாள்.

"ஆளு ஏறக் கூடாதுன்னுதான விதி. மூட்டையப் பத்தி விதியில இல்ல." நாள் முழுவதும் ஒத்திகை பார்த்து வைத்த வாதம் அது. சொல்லும்போது குரல் கொஞ்சம் இழுத்தது.

அவள் கையை நீட்டினாள். போனைக் கொடுத்தேன். உறையைத் திருப்பிப் பார்த்தாள். முடிச்சின் மேல் என் பல் பதிந்திருந்ததையும் பார்த்தாள். அட்டை அப்படியே இருந்தது.

"மத்தியானத்துக்குள்ள போன் வரும்னு நேத்து வண்டிக்கு பெட்ரோல் போட்டு வெச்சிருந்தேன்," என்றாள்.

மூட்டையை உள்ளே எடுத்துப்போய், அதைப் பிரிக்காமலே பரண்மேல் மிக்ஸிக்குப் பக்கத்தில் தள்ளினாள். "பஸ்ல போன எதுவும் கடலுக்கு வராது. நடந்து வந்த பை போலாம்." பிறகு என் எதிரில் வந்து, போனில் இருந்த முடிச்சின் ஒரு நுனியைப் பிடித்து ஒரே இழுப்பு இழுத்தாள். அவிழ்ந்துவிட்டது.

"தினமும் சாயங்காலம் பேசணும். யூஸ் பண்ணலன்னா மறுபடியும் கட்டிடுவேன்."

நான் அங்கேயே சோபாவில் சாய்ந்து, காலை நீட்டி, போனைப் போட்டேன். சமையல்கட்டில் அவள் போன் அடித்தது. வெகு நேரம் அடிக்கவிட்டு எடுத்தாள்.

"எங்க இருக்கீங்க?"

"வந்து சேந்துட்டேன்," என்றேன். "வெந்நி போடு."